முதுமையின் இதயமும் மெதுவான பயிற்சிகளும்

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் இதய மருத்துவரிடம் போனால் மருந்துச் சீட்டோடு ஓர் அறிவுரையும் கிடைக்கும்: "தினமும் நல்லா வேகமா நடங்க." அறிவுரை சரியானதுதான். ஆனால் மூட்டுவலிக்காரருக்கும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கும், ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கும் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. பயத்தில் உட்கார்ந்தே இருந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் நடை தளர்கிறது. நடை தளர்ந்தால் பயம் கூடுகிறது.

இந்தச் சுழலில் சிக்கியவர்களுக்கு மாற்று வழியாகப் பல காலமாகச் சொல்லப்படுபவை மரபான மென்பயிற்சிகள். சீனாவில் தாய்ச்சியும் சீகோங்கும். இந்தியாவில் எளிய யோகாசனங்களும் மூச்சுப் பயிற்சியும். இவற்றைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. இதய அடைப்பு முதல் நரம்புத் தளர்ச்சி வரை எல்லாவற்றையும் இவை தீர்த்துவிடும் என்பது ஒன்று. வியர்க்காத பயிற்சி பயிற்சியே அல்ல என்பது மற்றொன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த முக்கிய ஆய்வுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் இரண்டு தீர்ப்புகளுமே நிற்கவில்லை. எதில் பலன் உறுதி, எதில் ஓரளவு, எதில் வெறும் எதிர்பார்ப்பு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வயது கூடும்போது உள்ளே நடப்பது

இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நம்மைக் கேட்காமலே நடத்திச் செல்வது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் துடிப்பை முடுக்குகின்றன, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. துணைப்பரிவு நரம்புகளில் முதன்மையான வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. வேகஸின் கட்டளை ஓரிரு துடிப்புக்குள் இதயத்தை எட்டிவிடும். பரிவு நரம்பின் விளைவு வெளிப்படச் சில நொடிகள் பிடிக்கும்.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அதை உடனே கண்டு மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்ப, துடிப்பு கூடி, குழாய்கள் சுருங்கி, அழுத்தம் நிலைபெறுகிறது. இளமையில் இது நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. முதுமையில் தமனிச் சுவர்கள் விறைத்துப்போவதால் உணர்விகள் மந்தமாகின்றன. வேகஸின் பிடி தளர்கிறது. பரிவு நரம்புகளின் முடுக்கம் ஓய்விலும் உயர்ந்தே நிற்கிறது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அலகோ (மி.மீ. பாதரசம்) கீழ் அழுத்தம் 10 அலகோ சரிந்தால், அதை நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அதிகாலையில் கழிவறைக்குப் போகும் வழியில் கண் இருண்டு விழும் முதியவர்கள் பலருக்கு இதுவே காரணம்.

நலமான இதயம் கடிகாரம்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்தும் விடும்போது சற்றுத் தணிந்தும் துடிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு இதயத் துடிப்பு மாறுபாடு என்று பெயர். வயது ஏற ஏற அது குறைகிறது. 1987-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை மருத்துவர் ராபர்ட் கிளைகர் குழு தொடர்ந்து கவனித்தது. மாறுபாடு மிகக் குறைவாக இருந்தவர்கள், அதிகமாக இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இறப்பு அபாயத்தில் இருந்தார்கள். அதிலிருந்துதான், இந்த மாறுபாட்டைப் பயிற்சியால் மீட்க முடியுமா என்ற கேள்வி வலுப்பெற்றது.

பயிற்சிகள் வந்த வழி

சீனாவின் சாங்ஷா நகரருகே மாவாங்துய் என்ற இடத்தில் 1970-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த கல்லறையில் பட்டுத் துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. ஆணும் பெண்ணும் இளையோரும் முதியோருமாக நாற்பத்துநான்கு உருவங்கள் கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வதை அது காட்டுகிறது. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். சீகோங் மரபின் வேர் அவ்வளவு பழையது. தாய்ச்சி அதற்கு வெகுகாலம் பிந்தியது. ஹெனான் மாநிலத்தின் சென் குடும்பக் கிராமத்தில் தற்காப்புக் கலையாக வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாங் லூச்சான் வழியே பெய்ஜிங்கை அடைந்தது. 1956-இல் சீன விளையாட்டுத் துறை அதன் நீண்ட வரிசையை இருபத்துநான்கு அசைவுகளாகச் சுருக்கியது. இன்று உலகெங்கும் பூங்காக்களில் முதியவர்கள் செய்வது பெரும்பாலும் இந்தச் சுருங்கிய வடிவம்தான். 2020-இல் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

வெளித்தோற்றத்தில் தாய்ச்சி வேறு, யோகாசனம் வேறு. உடலியங்கியல் நோக்கில் இரண்டுக்கும் பொதுவானவை மூன்று: மெதுவான, கட்டுப்பாடான அசைவு, நீண்ட, சீரான மூச்சு, அசைவிலேயே ஊன்றிய கவனம். தாய்ச்சியில் உடலின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். முழங்கால் எப்போதும் சற்று வளைந்தே நிற்கும். அது செலவழிக்கும் ஆற்றல் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மிதமான நடைக்கு அது சமம் என்பதால், "வெறும் கையாட்டல்" என்று ஒதுக்குவது பொருந்தாது.

மூச்சும் இதயமும்: சென்னையில் நடந்த ஒரு சோதனை

இதயத்தை யோகிகள் விருப்பப்படி நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கையைக் கருவிகொண்டு சோதிக்க, வெங்கர், பாக்சி என்ற அமெரிக்க ஆய்வாளர்களும் தில்லியைச் சேர்ந்த பி.கே. ஆனந்தும் 1950-களின் பிற்பகுதியில் இந்தியாவில் பல ஊர்களுக்குப் போனார்கள். அவர்கள் சோதித்த நால்வரில் ஒருவர் சென்னையில் வாழ்ந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1961-இல் 'சர்குலேஷன்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. மணிக்கட்டில் நாடி மறைந்தது. மார்பில் இதய ஒலியும் கேட்கவில்லை. ஆனால் இதய மின்வரைபடத்தில் துடிப்பு நிற்கவே இல்லை. மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது என்பதே மூவரிடம் கண்ட விளக்கம். நாலாமவர் வேறு வழியில் துடிப்பைத் தணித்துக் காட்டினார்.

இந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, மூச்சும் தசையும் இதயத்தின் மீது உண்மையாகவே செல்வாக்குச் செலுத்துகின்றன. இரண்டாவது, மூச்சை அடக்கி இறுக்கும்போது இரத்த ஓட்டம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பது. தேர்ந்த யோகி தாங்கிய அந்த மாற்றத்தை, தமனி விறைத்த எழுபது வயதுக்காரரின் உடல் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

அடக்காமல் மெதுவாக விடும் மூச்சு வேறு வகை. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி, கத்தோலிக்க ஜெபமாலையையும் பௌத்த மந்திரத்தையும் ஓதச் செய்து 23 பேரின் மூச்சை அளந்தார். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்குக் கொண்டுவந்தன. அப்போது அழுத்த உணர்விகளின் கூர்மை கூடியதை 2001-இல் அவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகம் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடமும் அதே பலனைத் தருவதைக் காட்டினார். இதற்குக் காரணம் உண்டு. இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் நரம்புச் சுற்று இயல்பாகவே பத்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. மூச்சும் பத்து நொடிக்கு ஒன்றாகும்போது இரண்டும் ஒத்திசைந்து வலுக்கின்றன.

இரத்த அழுத்தம்: சிறிய, ஆனால் பயனுள்ள குறைவு

பால்டிமோரில் 62 முதியவர்களிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, பன்னிரண்டு வாரங்களுக்கு ஒரு பிரிவினருக்கு மிதமான ஏரோபிக் பயிற்சியையும் மறுபிரிவினருக்குத் தாய்ச்சியையும் கொடுத்தது. மேல் அழுத்தம் முதல் பிரிவில் 8.4 அலகும், தாய்ச்சிப் பிரிவில் 7 அலகும் குறைந்தது. ஏரோபிக் பயிற்சிதான் வெல்லும் என்று எதிர்பார்த்த ஆய்வாளர்களுக்கு இது வியப்பைத் தந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 2024-இல், பெய்ஜிங் ஆய்வாளர்கள் 342 பேரிடம் ஓராண்டு நடத்திய சோதனையின் முடிவு வந்தது. இவர்கள் உயர் இரத்த அழுத்தத்தின் வாசலில் நிற்பவர்கள். வாரம் நான்கு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் பயிற்சி. மேல் அழுத்தம் தாய்ச்சிப் பிரிவில் சராசரியாக 7 அலகும் ஏரோபிக் பிரிவில் 4.6 அலகும் இறங்கியது. இதில் சேர்ந்தவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால் எண்பது வயதினருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஏழு அலகு என்பது மாத்திரை ஒன்று தரும் பலனுக்கு அருகில் வரக்கூடிய அளவு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பொருளல்ல. மாத்திரையோடு சேர்ந்து நிற்கும் துணை என்றே கொள்ள வேண்டும்.

நோயுற்ற இதயம்: நான்கு சுவருக்குள்ளிருந்து வெளியே

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இப்பயிற்சி தகுமா என்பதை ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் குளோரியா யே குழு சோதித்தது. சராசரி வயது அறுபத்தேழு கொண்ட 100 நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம், வாரம் இருமுறை தாய்ச்சி. மீதிப் பேருக்கு உடல்நலக் கல்வி வகுப்பு. 2011-இல் வந்த முடிவு நேர்மையாகப் படிக்கப்பட வேண்டியது. ஆறு நிமிடத்தில் நடந்த தூரத்திலும், உடல் உள்வாங்கும் ஆக்சிஜன் அளவிலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அன்றாட வாழ்க்கைத் தரமும் மனநிலையும், "என்னால் பயிற்சி செய்ய முடியும்" என்ற தன்னம்பிக்கையும் தாய்ச்சிப் பிரிவில் தெளிவாக உயர்ந்தன. இதயத்தின் வலுவைக் கூட்டாத பயிற்சி, இதய நோயாளியின் வாழ்வைக் கூட்டியது.

அந்தத் தன்னம்பிக்கையின் மதிப்பை உணர்த்துவது அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நடந்து 2017-இல் வெளியான சிறிய ஆய்வு. மாரடைப்புக்குப் பின் தரப்படும் வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சியை வேண்டாம் என்று மறுத்துவிட்ட 29 பேர் அதில் சேர்ந்தார்கள். கடினமான பயிற்சிக்கு அஞ்சிய இவர்கள் தாய்ச்சிக்கு வந்தார்கள். பயிற்சியால் தீங்கு ஏதும் நேரவில்லை. கூடுதல் வகுப்புகள் பெற்றவர்களின் அன்றாட நடமாட்டமும் கூடியது.

இத்துறையில் மிகப் பெரிய சோதனை இந்தியாவில் நடந்தது என்பது நாம் பெருமைகொள்ள வேண்டிய செய்தி. 'யோகா-கேர்' என்ற அந்த ஆய்வில் 24 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,959 மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதங்களில் பதின்மூன்று யோக வகுப்புகள். மறுபிரிவினருக்கு வழக்கமான அறிவுரைகள். 2020-இல் வெளியான முடிவின்படி, இறப்பு, மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், அவசர அனுமதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் யோகப் பிரிவில் 6.7 விழுக்காடு, மறுபிரிவில் 7.4 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது; ஆகவே யோகம் அடுத்த மாரடைப்பைத் தடுக்கிறது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் நோய்க்கு முன்பிருந்த அன்றாட வேலைகளுக்குத் திரும்பியவர்களும், தம் உடல்நலம் தேறியதாக உணர்ந்தவர்களும் யோகப் பிரிவில் அதிகம். பங்கேற்றோரின் சராசரி வயது ஐம்பத்துமூன்றுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

நரம்பும் நிலைப்பும்: மிக உறுதியான பலன்

மென்பயிற்சிகளின் மிக வலுவான சான்று இதயத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. நிற்பதற்கும் நடப்பதற்கும் உள்ளங்காலின் உணர்வும், மூட்டுகளின் நிலையுணர்வும், உட்காதின் சமநிலை உறுப்பும், கண்ணும், இவற்றைத் தொகுக்கும் சிறுமூளையும் சேர்ந்து இயங்க வேண்டும். வயதும் நீரிழிவும் இவற்றை ஒவ்வொன்றாகத் தேய்க்கின்றன. மெதுவாக எடை மாற்றும் பயிற்சி இந்த வலையமைப்பு முழுவதையும் வேலைவாங்குகிறது.

அட்லான்டாவில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 200 பேரிடம் நடந்த சோதனையில், பதினைந்து வாரத் தாய்ச்சி, திரும்பத் திரும்ப விழும் அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 1996-இல் அறிந்தோம். ஆரெகானைச் சேர்ந்த ஃபூசோங் லீ 2012-இல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்திய ஆய்வில், உடலை நிலைப்படுத்தும் திறன் நீட்டல் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும்விடத் தாய்ச்சியில் கூடுதலாக மேம்பட்டது. விழுதல் நீட்டல் பயிற்சியாளர்களைவிடக் குறைந்தது. எடைப் பயிற்சியாளர்களோடு ஒப்பிட்டால் உறுதியான வேறுபாடு இல்லை. 2018-இல் அதே குழு, விழும் அபாயமுள்ள 670 முதியவர்களிடம் முதியோருக்கென வடிவமைத்த தாய்ச்சி முறையைச் சோதித்தது. நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட 58 விழுக்காடும், நடை, வலு, சமநிலை என எல்லாம் கலந்த பயிற்சி செய்தவர்களைவிட 31 விழுக்காடும் விழுதல் குறைந்தது.

இதய நோயாளிக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. இரத்த அழுத்த மாத்திரைகளால் எழும்போது தலைசுற்றல் வரலாம். துடிப்புச் சீர்கேட்டுக்காக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், உள்ளே கசியும் இரத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். விழும் பயம் நீங்கினால்தான் அவர் நடக்கத் துணிவார். நடந்தால்தான் இதயம் வலுப்பெறும்.

சான்றுகளின் பலவீனங்கள்

மென்பயிற்சி துடிப்பு மாறுபாட்டைக் கூட்டுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் பல, பெரும்பாலானவை சிறியவை. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. மூச்சு மெதுவாகும்போது மூச்சோடு இணைந்த துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாவது அந்த நேரத்து விளைவு. வழக்கமாக வேகஸின் குறியாகக் கொள்ளப்படும் உயர் அலைவரிசையிலிருந்து, பரிவு நரம்போடு சேர்த்துப் பேசப்படும் தாழ் அலைவரிசைக்கு அது இடம் மாறியும் விடுகிறது. மூச்சின் வேகத்தைக் கணக்கில் கொள்ளாமல் இவ்விரண்டின் விகிதத்தை மட்டும் காட்டி "நரம்பு மண்டலம் சீரானது" என்றோ "கெட்டது" என்றோ முடிவுகட்டுவது தவறு. பயிற்சி நேரத்துக்கு வெளியே, இயல்பான மூச்சில், மாதக் கணக்கில் நிலைக்கும் மாற்றமே உண்மையான மாற்றம்.

இன்னொரு பலவீனம், பல ஆண்டுகளாகத் தாய்ச்சி செய்கிறவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகள். தாய்வானில் இத்தகைய ஒப்பீடுகள், பயிற்சியாளர்களின் ஆக்சிஜன் திறன் மெதுவாகவே குறைவதைக் காட்டின. ஆனால் தொடர்ந்து பயிற்சிக்கு வர முடிந்தவர்கள் தொடக்கத்திலேயே நலமாக இருந்தவர்களாக இருக்கலாம். சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்த சோதனைகளுக்கே கூடுதல் எடை தர வேண்டியது இதனால்தான்.

செய்வோர் கவனத்துக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றையும் சேர்த்தே கேட்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி, குறைந்தது மூன்று நாள் சமநிலையை வளர்க்கும் பயிற்சி. நம் ஊரில் முதியோருக்கான அறிவுரை நடையோடு முடிந்துவிடுவதால் மூன்றாவது முற்றாக விடுபடுகிறது. அந்த இடத்தை மென்பயிற்சி சிறப்பாக நிரப்பும். தொடைத் தசைக்கு ஓரளவு வலுவும் தரும். கைக்கும் முதுகுக்கும் தனியாக வலுப் பயிற்சி தேவை.

பலன் தந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாரம் இருமுறையாவது, முறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாக, மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நடந்தவை. எப்போதாவது ஒருநாள் முகாமுக்குப் போய்வருவதால் அந்தப் பலன் கிடைக்காது. தொடக்கத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். நிற்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வடிவங்களும் உண்டு. இதய நோயுள்ளவர்களும் உயர் இரத்த அழுத்தக்காரர்களும் மூச்சை அடக்கும் கும்பகத்தையும், வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதியையும், சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகளையும் தவிர்க்க வேண்டும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் தலைகீழ் நிலைகள் ஆகாது. படுத்துச் செய்த பயிற்சியிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, சற்று உட்கார்ந்து, பிறகே நிற்க வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு; பயிற்சி ஆசிரியருடையது அல்ல.

முடிவாக

சான்றுகளைத் தொகுத்தால் வரிசை இதுதான்: விழுதலைத் தடுப்பதில் பலன் உறுதி, இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் மிதமான பலன், மனநிலையிலும் தன்னம்பிக்கையிலும் தெளிவான பலன், தானியங்கு நரம்பு மண்டலத்தில் நம்பத்தகுந்த விளக்கமும் இன்னும் முதிராத சான்றும், அடுத்த மாரடைப்பைத் தடுப்பதில் நிரூபணம் இல்லை. இந்த வரிசையை மறைத்து எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பவர்கள் இப்பயிற்சிகளுக்கே தீங்கு செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் நடந்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார். அவர் கையில் முதியோருக்கான எளிய சமநிலைப் பயிற்சியும் மெதுமூச்சுப் பயிற்சியும் வரையறுத்த பாடமாக இருக்க வேண்டும். இதய மருத்துவமனைகள் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரத் தயங்குவோருக்கு இந்த வழியைத் திறந்துவிட வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால், "பத்திரமா உட்காருங்க" என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, அவரோடு சேர்ந்து நீங்களும் எழுந்து நில்லுங்கள்.